பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப்: டிஎன்ஏ நகலெடுப்பை வாசலிலேயே நிறுத்தும் மூன்று மாத்திரைகள்

மார்பகப் புற்றுநோய் மாத்திரைகளைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் இரண்டு விதமான எழுத்துதான் கண்ணில் படுகிறது. ஒன்று, மருந்து டப்பாவுக்குள் பல மடிப்பாக மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள பக்கவிளைவுப் பட்டியல். இன்னொன்று, புற்றுநோய்க்கு அதிசய மருந்து வந்துவிட்டது என்கிற மாதிரியான செய்தி. முதலாவதைப் படித்தால் மாத்திரையைத் தொடவே பயமாக இருக்கிறது, இரண்டாவதைப் படித்தால் மருந்தால் நிறைவேற்ற முடியாத எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. என் சித்தி பால்போசிக்லிப் எடுத்துக்கொள்கிறார். அவருக்குச் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்தது, அப்புறம் அதே குடும்பத்தைச் சேர்ந்த ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் போய் முடிந்தது. நான் மருத்துவன் இல்லை, உயிரியல் படித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் நல்ல மருந்துகள், தகுந்தவருக்குக் கொடுத்தால் மிக நல்ல மருந்துகள். ஆனால் இவை கீமோ மாதிரி புற்றுநோய் செல்லைத் தாக்கிக் கொல்வதில்லை. அந்த செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வைக்கின்றன. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் ஏன் மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துகிறார்கள், வெள்ளணு ஏன் குறைகிறது, கூடவே ஹார்மோன் மாத்திரை எதற்கு, சிலருக்கு ஏன் இது வேலையே செய்வதில்லை என்பதெல்லாம் தானாகப் புரியும். டப்பாவில் இருக்கும் தாள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் சேர்த்தால் மனித செல் ஒன்றில் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள் இருக்கின்றன, நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். நகலெடுக்கும் புரதக்கூட்டம் நிமிடத்துக்குச் சுமார் 2,000 எழுத்து வேகத்தில்தான் நகர்கிறது. ஒரே ஒரு இடத்தில் தொடங்கி அப்படியே போனால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். செல் இதைச் சுமார் 8 மணி நேரத்தில் முடிக்கிறது, ஏனென்றால் பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது. அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. இத்தனை ஆயிரம் இடங்களில் தொடங்கும் வேலையில் ஒரு துண்டுகூட விட்டுப்போகக் கூடாது, ஒரு துண்டுகூட இரண்டு முறை நகலாகிவிடவும் கூடாது. விட்டுப்போனால் பிரியும்போது குரோமோசோம் அறுந்துபோகும். இரண்டு முறை ஆனால் அந்தப் பகுதியில் இருக்கும் மரபணுக்கள் கூடுதல் பிரதிகளாகத் தங்கிவிடும், புற்றுநோய் செல்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இப்படி அறுந்ததும் பெருகியதுமான டிஎன்ஏதான்.

இதற்கு செல் கண்டுபிடித்திருக்கும் வழியைப் படித்தபோது நான் உண்மையிலேயே வியந்துபோனேன். வேலையை இரண்டாகப் பிரித்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாதபடி வைத்திருக்கிறது. முதல் கட்டம், நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 என்னும் காலத்தில். டிஎன்ஏவில் தொடங்கவேண்டிய இடங்களில் ஓஆர்சி என்ற புரதக்கூட்டம் உட்கார்ந்திருக்கும். சிடிசி6, சிடிடி1 என்ற இரண்டு புரதங்கள் வந்து சேர்ந்து, எம்சிஎம் என்னும் வளையங்களை ஜோடி ஜோடியாக டிஎன்ஏவின் மேல் ஏற்றிவிடும். இந்த வளையம்தான் பிறகு டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரித்துக்கொண்டு போகப்போகிறது, ஆனால் இப்போதைக்குச் சும்மா இருக்கும். இதற்குப் பெயரே உரிமம் கொடுத்தல். இரண்டாம் கட்டம், எஸ் என்னும் நகலெடுப்புக் காலத்தில். சிடிகே என்னும் நொதிகளும் அவற்றுக்குத் துணையான இன்னொரு நொதியும் அந்த வளையங்களை முடுக்கிவிட, நகலெடுப்பு நடக்கிறது.

இதில் முக்கியமான இடம் எதுவென்றால், வளையம் ஏற்றுவதற்கு சிடிகே நொதியின் வேகம் குறைவாக இருக்க வேண்டும், வளையத்தை ஓட்டுவதற்கு அதே நொதி அதிகமாக இருக்க வேண்டும். ஓட்டம் தொடங்கிவிட்டால் ஏற்றும் வேலைக்கு அந்தக் கணத்தோடு பூட்டு. சிடிடி1 சிதைக்கப்படும், மிச்சம் மீதி இருப்பதை ஜெமினின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். செல் பிரிந்து முடியும் நேரத்தில் ஜெமினின் அழிக்கப்பட்ட பிறகுதான் அடுத்த சுற்றுக்கு உரிமம். 1970ல் ராவ், ஜான்சன் இருவரும் ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரு சோதனை செய்தார்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லோடு ஜி1 செல்லை இணைத்தால் ஜி1 கருவும் சீக்கிரமே நகலெடுக்கத் தொடங்கியது. ஏற்கெனவே நகலெடுத்து முடித்த ஜி2 செல்லை இணைத்தால் அந்தக் கரு அசையவே இல்லை. மேலே சொன்ன புரதங்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத காலத்தில், ஒருமுறை முடித்த கரு மறுபடி தொடங்காது என்று காட்டிவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பது. எப்போது நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? நம் மாத்திரைகள் வருவது இங்கேதான்.

ஜி1 காலத்தின் பிற்பகுதியில் ஒரு வாசல் இருக்கிறது. 1974ல் ஆர்தர் பார்டீ என்பவர் இதைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று விவரித்தார். அந்த வாசலைத் தாண்டும் வரை செல் வெளியிலிருந்து வரும் சேதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும், வளர்ச்சிக்கான சேதி நின்றுபோனால் அதுவும் நின்றுவிடும். தாண்டிவிட்டால் பிறகு வெளிச்சேதி எதுவும் தேவையில்லை, நகலெடுப்பு நடந்தே தீரும். வாசலை மூடி வைத்திருப்பது ஆர்பி என்னும் புரதம். இ2எஃப் என்ற இன்னொரு புரதத்தை அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். வளர்ச்சிச் சேதி வந்தால் சைக்ளின் டி என்ற புரதம் உருவாகி, சிடிகே4 அல்லது சிடிகே6 நொதியோடு சேர்ந்து, ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டும். பிடி தளரும், இ2எஃப் விடுபடும். விடுபட்ட இ2எஃப் என்ன செய்கிறது என்று பாருங்கள்: சிடிசி6, சிடிடி1, எம்சிஎம், டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதிகள், அடுத்த கட்டத்துக்கான சைக்ளின் இ என்று நகலெடுப்புக்குத் தேவையான அத்தனைக்கும் ஆர்டர் போட்டுவிடுகிறது. சைக்ளின் இ, சிடிகே2 நொதியோடு சேர்ந்து ஆர்பியை முழுவதுமாகக் கழற்றிவிடுகிறது. அதோடு வாசல் திறந்தது திறந்ததுதான்.

மார்பகத் திசுவில் இந்த சைக்ளின் டிக்கு இருக்கும் இடம் தனி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், செல்லில் தன்னைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து செய்யும் வேலைகளில் ஒன்று சைக்ளின் டி1 அளவைக் கூட்டுவது. சைக்ளின் டி1 மரபணுவே இல்லாமல் எலிகளை வளர்த்தபோது அவை பிழைத்தன, ஆனால் கர்ப்பகாலத்தில் பெருக வேண்டிய மார்பகத் திசு பெருகவில்லை. 2001ல் வெளியான ஆய்வு இதைவிட முக்கியம். சைக்ளின் டி1 இல்லாத எலிகளில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஹெர்2 வகை மரபணுவையும் ராஸ் மரபணுவையும் வைத்து மார்பகப் புற்றுநோயை உண்டாக்கப் பார்த்தார்கள், உருவாகவில்லை. அதே மாதிரி தூண்டும் மிக் என்ற மரபணுவை வைத்துச் செய்தபோது உருவாகிவிட்டது. அதாவது எல்லா மார்பகப் புற்றுநோயும் இந்த ஒரே வாசல் வழியாக வருவதில்லை, ஆனால் ஒரு பெரிய பங்கு இதை நம்பித்தான் இருக்கிறது. உடம்பு இது இல்லாமல் சமாளித்துக்கொள்ளும், அந்தக் கட்டியால் முடியாது. ஒரு மருந்துக்கு இதைவிட நல்ல இலக்கு என்ன வேண்டும்?

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் வகை, அதாவது செல்லில் ஹார்மோன் ஏற்பி இருக்கும், ஹெர்2 புரதம் மிகையாக இருக்காது. இந்த மாத்திரைகள் முக்கியமாக அந்த வகைக்குத்தான். கூடவே லெட்ரோசோல் மாதிரி ஒரு ஹார்மோன் மாத்திரையோ ஃபுல்வெஸ்ட்ரண்ட் ஊசியோ கண்டிப்பாக இருக்கும். "ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிடுறேன், இது எதுக்குடா தனியா?" என்று சித்தி கேட்டார். ஹார்மோன் மருந்து மேலே இருந்து வரும் சேதியைக் குறைக்கிறது, அதனால் சைக்ளின் டி குறைகிறது. இந்த மாத்திரை கீழே சிடிகே4, சிடிகே6 நொதிகளையே அடைத்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கொடுத்தால் கட்டி வேறு சேதியைப் பிடித்துக்கொண்டு வாசலைத் திறந்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் பிடி இறுகுகிறது.

இந்த மருந்து வந்த வழியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈஸ்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும் செல் சுழற்சியை ஆராய்ந்த லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹண்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் யாரும் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து தேடிப் போனவர்கள் இல்லை. அடிப்படை ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று யாராவது கேட்டால் நான் இனி இதைத்தான் சொல்வேன். அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து சிடிகே நொதிகளை அடைக்கும் மருந்துகள் சில வந்தன, ஆனால் முதலில் வந்தவை பல சிடிகேக்களையும் சேர்த்து அடைத்ததால் உடம்பு தாங்கவில்லை. 4, 6 இரண்டை மட்டும் குறிபார்த்து அடைக்கும் பால்போசிக்லிப் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2009ல் பல வகை மார்பகப் புற்றுநோய் செல்களின் மேல் அதைச் சோதித்தபோது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்கள்தான் மிக அதிகமாகப் பணிந்தன. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. ரைபோசிக்லிப்பும் அபெமாசிக்லிப்பும் 2017ல் வந்தன.

இனி மாத்திரையைச் சாப்பிடும் அனுபவத்துக்கு வருவோம். பால்போசிக்லிப் வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று, 21 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி. கேப்ஸ்யூலாக இருந்தால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், மாத்திரை வடிவம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. சாப்பிட எளிது, தலைமுடி ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, சிலருக்கு மெலிந்துபோகும். சோர்வு இருக்கும், வாய்ப்புண் வரலாம்.

பயமுறுத்துவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான். முதல் இரண்டு சுழற்சிகளில் தொடக்கத்திலும் 15ஆம் நாளிலும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள், பிறகு ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும். சித்தியின் 15ஆம் நாள் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 850 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு இருந்தது. சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டியது. "என்னடா இது, கீமோ போட்டவங்களுக்கு வர்ற மாதிரி இருக்கே" என்று பதறிவிட்டார். அந்த நேரத்தில் எனக்குக் கை கொடுத்தது மேலே எழுதியிருக்கும் அந்த வாசல் கதைதான்.

நியூட்ரோஃபில்கள் ரொம்பக் குறைந்த ஆயுள் உள்ள வெள்ளணுக்கள், எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிது புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பில் ஈடுபடும் முன்னோடி செல்களும் சிடிகே6 நொதியைத்தான் நம்பியிருக்கின்றன. மாத்திரை கட்டியின் வாசலை மூடும்போது இவற்றின் வாசலையும் மூடிவிடுகிறது. அவை சாவதில்லை, ஜி1 காலத்தில் அப்படியே நிற்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்புகின்றன. கீமோவில் நடப்பது வேறு, அங்கே டிஎன்ஏவே சேதமாகி முன்னோடி செல்கள் செத்துப்போகின்றன. அந்த ஒரு வார இடைவெளி எதற்கு என்று இப்போது தெரிகிறதா? மஜ்ஜைக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கத்தான். பாலோமா-2 ஆய்வில் பால்போசிக்லிப் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நியூட்ரோஃபில் கடுமையாகக் குறைந்தது, ஆனால் அதோடு காய்ச்சலும் சேர்ந்து ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் 2 சதவீதம் அளவில்தான். எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்கு நிலைமை மோசமில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அதற்காக அலட்சியம் கூடாது. மருந்து எடுக்கும் காலத்தில் காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த சுழற்சி தொடங்கும் நாளில் எண்ணிக்கை 1,000க்குக் கீழே இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள், அடிக்கடி அப்படி ஆனால் டோஸை 100 மில்லிகிராமுக்கோ 75 மில்லிகிராமுக்கோ குறைப்பார்கள். குறைத்துவிட்டார்களே, மருந்து வேலை செய்யாதோ என்று பலர் கவலைப்படுகிறார்கள். இந்த மருந்துகளில் டோஸ் குறைப்பது சிகிச்சையின் வழக்கமான பகுதி, தோல்வியின் அடையாளம் கிடையாது.

இதே குணத்தை வேறொரு மருந்தில் நேர்மாறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ட்ரைலாசிக்லிப் என்பதும் சிடிகே4, 6 இரண்டையும் அடைக்கும் மருந்துதான், ஆனால் அதை நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில் கீமோவுக்குச் சற்று முன்னால் ரத்தநாளம் வழியாகச் செலுத்துகிறார்கள். மஜ்ஜை செல்கள் கொஞ்ச நேரம் நகலெடுக்காமல் ஒதுங்கி நிற்கும், கீமோவின் அடி அவற்றின் மேல் குறைவாக விழும். ஒரே பூட்டு, இங்கே பக்கவிளைவு, அங்கே கேடயம்.

மூன்றில் எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்த பெரிய ஆய்வை வைத்து நான் இதைச் சொல்லவில்லை, ஒவ்வொன்றின் தனித்தனி ஆய்வுகளை வைத்துத்தான் சொல்கிறேன். பரவிய நோயில் நோய் மேலும் வளராமல் கட்டுப்பாட்டில் இருக்கும் காலத்தை மூன்றுமே தெளிவாக நீட்டிக்கின்றன. பாலோமா-2ல் லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 14.5 மாதம், பால்போசிக்லிப்பும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 24.8 மாதம் என்பது நடுமதிப்பு. பத்து மாதம் என்பது எண்ணாகப் பார்த்தால் சின்னது, கீமோவைப் பத்து மாதம் தள்ளிப்போடுவது என்று பார்த்தால் எவ்வளவு பெரிது என்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மொத்த வாழ்நாள் என்ற அளவுகோலில் அதே ஆய்வு உறுதியான வித்தியாசத்தைக் காட்டவில்லை. ரைபோசிக்லிப்பின் மோனலீசா-2 ஆய்வு காட்டியது: 51.4 மாதத்துக்கு எதிராக 63.9 மாதம். மாதவிடாய் நிற்காத பெண்களிடம் செய்த மோனலீசா-7லும் வாழ்நாள் கூடியது. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரைபோசிக்லிப்பைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொண்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பால்போசிக்லிப்பை இதைப் படித்துவிட்டு மாற்றச் சொல்லவில்லை, சித்திக்கும் மாற்றவில்லை.

ரைபோசிக்லிப்பில் கவனிக்க வேண்டியது இதயமும் ஈரலும். இதயத்தின் மின்துடிப்பில் க்யூடி என்னும் இடைவெளியை அது நீட்டக்கூடும், அதனால் தொடங்கும் முன்பும் 14ஆம் நாளிலும் ஈசிஜி எடுப்பார்கள். ஏற்கெனவே இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும், க்யூடியை நீட்டும் வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் இது சரிப்படாது. வழக்கமான அளவு 200 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்று, அதாவது 600, இதுவும் 21 நாளும் 7 நாளும்தான்.

அபெமாசிக்லிப் கொஞ்சம் வேறு ஜாதி. இது சிடிகே6ஐ விட சிடிகே4ஐ அழுத்தமாகப் பிடிக்கிறது, அதனால் மஜ்ஜைக்கு அடி குறைவு, இடைவெளி விடாமல் தினமும் இரண்டு வேளை சாப்பிடலாம். வாசல் ஒரு நாளும் திறப்பதில்லை என்பது இதன் பலம். வயிறுதான் இதன் பலவீனம். எடுப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் மாதத்தில். லோபராமைடை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, முதல் முறை இளகிப் போனதுமே மருத்துவர் சொன்னபடி எடுக்கத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். இன்னொன்று, இந்த மருந்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். சிறுநீரகம் கெட்டுவிட்டதாகப் பயப்படுவதற்கு முன்னால், கிரியேட்டினினை வெளியேற்றும் ஒரு கடத்தியை மருந்து அடைப்பதாலும் அப்படி ஏறும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் வேறு பரிசோதனை வைத்துப் பார்ப்பார். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் விடக் கூடாது, ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு இதில் கொஞ்சம் கூடுதல். மூச்சுத் திணறலும் புதிதாக வந்த வறட்டு இருமலும் மூன்றுக்குமே பொதுவான எச்சரிக்கை.

மூன்றும் ஈரலில் முக்கியமாக ஒரே நொதியால்தான் சிதைகின்றன. அதனால் கிரேப்ஃப்ரூட் பழமும் சாறும் வேண்டாம், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக், சில பூஞ்சை மருந்துகள் எழுதிக் கொடுத்தால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் வாங்க வேண்டாம். மூலிகை என்று வரும் எதையும் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் இடத்தில் மூன்றும் ஒன்றல்ல. அபெமாசிக்லிப் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 2 வருடம் கொடுக்க 2021ல் அனுமதி பெற்றது. முதலில் கி-67 அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, 2023ல் அதை நீக்கிவிட்டார்கள். கி-67 என்பது பயாப்ஸி ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்திருக்கும் அதே எண், எத்தனை சதவீதம் செல்கள் சுழற்சிக்குள் இருக்கின்றன என்பதைச் சொல்வது. ரைபோசிக்லிப் 400 மில்லிகிராம் அளவில் 3 வருடத்துக்கு 2024ல் அனுமதி பெற்றது. பால்போசிக்லிப்பை இதே வேலைக்கு பல்லாஸ், பெனலோப்-பி என்ற இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. ஒரே இலக்கை அடைக்கும் மருந்துகளில் இப்படி வித்தியாசம் வருவது எனக்கு இன்றும் நெருடலாகவே இருக்கிறது, அதனால்தான் எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது இந்த மருந்து எங்கே தோற்கிறது என்பது. ஆர்பி புரதமே இல்லாத கட்டியில் மூடுவதற்கு வாசலே கிடையாது. ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2வும் மிகையாக இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையில் ஆர்பி தொலைந்துபோவது அடிக்கடி நடப்பதால் அங்கே இந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை. ஹார்மோன் வகையிலும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே சில கட்டிகள் ஆர்பியை இழக்கின்றன, சில சைக்ளின் இ புரதத்தை ஏராளமாகச் செய்து சிடிகே2 வழியாகப் பின்வாசலில் நுழைகின்றன. இந்த இரண்டாவது வழி செல்லுக்கும் நல்லதில்லை. அவசரமாக நகலெடுப்புக்குள் தள்ளப்பட்ட செல்லில் போதுமான எம்சிஎம் வளையங்கள் ஏறியிருக்காது, மூலப்பொருள் தட்டுப்படும், நகலெடுக்கும் இடங்கள் பாதியில் திணறி நிற்கும், டிஎன்ஏ அறுந்து மேலும் மாற்றங்கள் சேரும். நகலெடுப்பு அழுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். 2022ல் வந்த ஓர் ஆய்வு இதில் ஒரு நல்ல சேதியும் சொன்னது. இந்த மருந்தால் நெடுநேரம் வாசலில் நின்ற செல்களில் எம்சிஎம் போன்ற நகலெடுப்புப் புரதங்கள் குறைந்துபோகின்றன, பிறகு மருந்தை எடுத்துவிட்டாலும் நகலெடுப்பு திணறி, பல செல்கள் நிரந்தரமாகப் பிரிவதை விட்டுவிடுகின்றன. அப்படியானால் ஒரு வார இடைவெளியும்கூடக் கட்டிக்குச் சாதகமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் பிறவியிலேயே பழுது உள்ளவர்களுக்கு நகலெடுப்பை வைத்தே வேலை செய்யும் வேறு மருந்து இருக்கிறது. அந்த மரபணுக்களின் வேலையே நகலெடுப்பின்போது அறுந்ததைப் பிழையில்லாமல் ஒட்டுவதும், திணறி நிற்கும் இடத்தைச் சிதையாமல் காப்பதும்தான். ஓலபரிப், டலாசோபரிப் என்ற மாத்திரைகள் பார்ப் என்ற புரதத்தை டிஎன்ஏவின் மேலேயே சிக்க வைத்துவிடுகின்றன. நகலெடுக்கும் கூட்டம் அதன் மேல் வந்து மோதி இழை அறுகிறது, ஒட்டத் தெரியாத புற்றுநோய் செல் சாகிறது. இரண்டும் 2018ல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றன. செல் நகலெடுத்தால்தான் அந்த மருந்து கொல்லும், நகலெடுக்க விடாமல் இருந்தால்தான் நம் மருந்து காக்கும். இரண்டையும் தோன்றியபடி சேர்த்துச் சாப்பிடுவது ஏன் சரியில்லை என்பது இதிலிருந்தே தெரியும். குடும்பத்தில் மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் பிஆர்சிஏ பரிசோதனை பற்றிச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

இந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்கேனில் நோய் வளர்ந்திருப்பதாக வந்தால், அடுத்தது என்ன என்று மட்டும் கேட்காமல் எதனால் தப்பித்தது என்று பார்க்க முடியுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில் இஎஸ்ஆர்1 (ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு), பிஐகே3சிஏ (வளர்ச்சிச் சேதியைக் கடத்தும் ஒரு நொதியின் மரபணு), ஆர்பி1 (ஆர்பி புரதத்தின் மரபணு) மூன்றையும் பார்த்துவிடலாம். இஎஸ்ஆர்1 மாறியிருந்தால் எலசெஸ்ட்ரண்ட் என்ற மாத்திரை 2023 முதல் இருக்கிறது. பிஐகே3சிஏ மாறியிருந்தால் அதற்கென்றே கேபிவாசெர்டிப் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. ஆர்பி1 போயிருந்தால் இதே குடும்பத்தின் இன்னொரு மாத்திரைக்கு மாறுவதில் பலன் எதிர்பார்க்க முடியாது, அந்த மாதங்களை வேறு சிகிச்சைக்குக் கொடுப்பதுதான் நல்லது.